மீதி டேப்பில் அவள்

மார்ச் 3, திங்கள்

வீல் வைத்த பெட்டிகள் நான்கு விற்றன. மற்றபடி மழைக்கு ஒதுங்கியவர்கள்தான். ஒதுங்கிய பாவத்துக்கு ஒருவர் ஒரு பர்ஸ் வாங்கினார்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பழைய டேப் பிளேயரைக் குப்புறப் போட்டிருக்கிறார். ஸ்க்ரூ எல்லாம் ஒரு காபித் தட்டில்.

"மோட்டார் மூச்ச விட்டுடுச்சு மாப்பிள்ளை."

"நாலு மாசமா நீங்க அதை மூச்சு விடவே விடலையே மாமா."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நவம்பரில் என் மனைவி இறந்து போனதிலிருந்து அந்த மெஷின் ஓய்ந்ததே இல்லை. மாமனார் அந்தக் காலத்தில் வீடியோக்காரர். கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கடை திறப்பு என்று கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். வேலை முடிந்து டேப்பில் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சினால் வீட்டுக்கு வந்து மகளை எடுத்துத் தீர்த்துவிடுவாராம். காசு கொடுத்தவனுக்குக் காப்பி, அசல் இவருக்கு. "மீதி டேப்" என்பார். அதனால் அவள், எனக்கு வாழ்க்கைப்படும் வரை, யார் யாருடைய கல்யாணத்தின் வாலிலோ இருக்கிறாள். ஒரு அலமாரி நிறைய.

மார்ச் 5, புதன்

ரிப்பேர்க்காரர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்த உடனே மூடிவிட்டார். "இதுக்கு ஸ்பேர் தேடறதுக்குள்ள பெரியவரே போயிடுவாரு" என்றார். சொன்ன பிறகுதான் இது எந்த வீடு என்பது உறைத்தது போல. வாயைத் துடைத்துக்கொண்டார்.

டிஸ்க் பிளேயரையும் எடுத்துக் காட்டினேன். லென்ஸ் போய் ஒரு வருடமாகப் பரணில் கிடந்தது.

"ரெண்டையும் தூக்கிக் கடாசுங்க சார். டேப்பும் டிஸ்க்கும் ஓடற மாதிரி ஒரே பெட்டியா வருது, அதை வாங்கிடுங்க. இப்ப விட்டா அதுவும் கிடைக்காது."

எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு டேப் வேண்டும். எனக்கு என்னுடைய ஏழெட்டு டிஸ்க் போதும், எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகானவை. அவர் காலம் டேப்பில், என் காலம் டிஸ்க்கில். இரண்டு பேருக்கும் தனித்தனி மெஷின் வாங்க நான் என்ன அரண்மனையா நடத்துகிறேன்?

மார்ச் 6, வியாழன்

மச்சினன் போன் செய்தான்.

"அக்காவே இல்லாத வீட்ல அப்பா எதுக்கு அத்தான்? நான் பெரிய வீடா மாத்திட்டேன். கூட்டிட்டுப் போயிடறேன்."

அவர் இஷ்டம் என்றேன். வேறு என்ன சொல்வது? மாமியார் போன பிறகு மகளோடு இருக்கிறேன் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தவர். மகள் இல்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. பேரப்பிள்ளை என்று ஒரு பிடிப்பு இருந்தால் வேறு பேச்சு. இப்போது எனக்கும் அவருக்கும் நடுவே என்ன இருக்கிறது — "மாமா", "மாப்பிள்ளை" என்கிற இரண்டு வார்த்தை.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்.

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கடையை விட்டு இறங்குகிறவன் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மெஷின் பார்க்க எலெக்ட்ரானிக்ஸ் சந்துக்குப் போனேன். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி நிற்க வேண்டும், ஏறினால் எதையாவது விற்றுவிடுவார்கள். அப்படித்தான் ஒரு கடையில் ஏறினேன். கடைக்காரரை "ரிமோட்" என்று கூப்பிடுகிறார்கள். கையில் எப்போதும் ஒரு ரிமோட். பேசும்போது அதை எதிராளியின் நெஞ்சுக்கு நேராக நீட்டி அமுக்குகிறார்.

மூன்று விதம் காட்டினார். ஒன்று டேப்பில் இருப்பதை டிஸ்க்கில் பதிவே செய்துவிடும். விலை சொன்னார், காதில் விழாதது போல அடுத்த அலமாரிக்கு நகர்ந்தேன். இரண்டாவது பழசு. டேப் போகிற வாயைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே யார் வீட்டுப் பிள்ளையோ போட்ட கிரேயான் துண்டு. மூன்றாவது புதிது. பதிவெல்லாம் செய்யாது, இரண்டையும் ஓட்டும், அவ்வளவுதான். கம்பெனி பெயர் கேள்விப்பட்டதில்லை.

பை, பெட்டி என்றால் ஜிப்பை இழுத்து, வீலை உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இதை எப்படிப் பார்ப்பது? தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. கனமாக இருப்பதெல்லாம் உழைக்கும் என்று நம்புகிறவனுக்குத்தான் நான் இருபத்தைந்து வருடமாகப் பெட்டி விற்கிறேன், ஆகவே அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மாமனார் சோதித்துப் பார்க்க ஒரு டேப் கொடுத்து அனுப்பியிருந்தார். "படத்தோட வேகமா ஓட்டிட்டு டக்குனு நிறுத்துங்க. நடுங்கக் கூடாது, கோடு விழக் கூடாது. டேப்பைப் படிக்கிற ஹெட்டு நாலு இருக்கணும். ரெண்டுன்னா வேண்டாம்னுட்டு வந்துடுங்க."

ஓட்டினோம். யாரோ ஒரு மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வரிசையில் வந்தவர்கள் எல்லாம் ஓட்டமாக வந்து ஓட்டமாகக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நிறுத்தினோம். நடுங்கவில்லை. ரிமோட் திரும்பவும் ஓட விட்டுவிட்டு இன்னொருவரோடு பேசப் போய்விட்டார், டேப் கடைசி வரை போய்விட்டது.

மாடிப்படியில் அவள். பதினேழு வயது இருக்கும். வாயில் டூத் பிரஷ். கேமராவைக் கையால் மறைத்துக்கொண்டு, "போதும்பா, டேப்ப வீணாக்காத" என்கிறாள். வாயில் நுரையோடு சொன்னதால் பாதி புரியவில்லை.

கூட்டமான சந்தில், விலைச் சீட்டு ஒட்டிய டிவியில்.

"யாரு சார், பொண்ணா?" என்றார் ரிமோட்.

"மனைவி."

அவளைப் பார்த்தார், என் நரையைப் பார்த்தார். கையில் இருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். விலையை மட்டும் இறக்கவில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

வாங்கிவிட்டேன். ஒன்று இல்லை, ஆறு.

தனியாக ஒன்று என்றால் சில்லறை விலை. பிரிக்காத அட்டைப்பெட்டியாக எடுத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஐந்தை விற்றால் நம் வீட்டு மெஷின் சும்மா வந்த மாதிரி. மொத்த விலை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது சில்லறை விலை கொடுத்துவிட்டு வந்தால் எனக்குத் தூக்கம் வருமா?

வேண்டாம் என்று நடந்தேன். சந்து முனை வரை விட்டுவிட்டு ரிமோட்டே கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த வித்தை இந்த ஒன்றுதான். வேண்டும் என்பதை முகத்தில் காட்டாதே. நடைபாதையில் சாக்கு விரித்து ஜிப் தைத்துக்கொண்டிருந்தபோது கற்றது. அதை வைத்துத்தான் கடை பிடித்தேன், இந்த வீடு பிடித்தேன்.

மாமனார் அட்டைப்பெட்டியைச் சுற்றி வந்தார்.

"ஒரு வீட்ல ஆறு அடுப்பா மாப்பிள்ளை?"

"அஞ்சு விக்கிறதுக்கு மாமா."

"யாருக்கு? டேப்பு வச்சிருக்கறவன் எல்லாம் என்னை மாதிரி கிழவன். கிழவன் பையில என்ன இருக்கும், மாத்திரைதான் இருக்கும்."

கடையில் இடமில்லை. ஐந்தையும் வீட்டு வாசல் நடையில் அடுக்கி வைத்தேன். நடந்தால் இடிக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

கடை லீவு. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம்.

இவரோடு டேப் பார்ப்பது ஒரு தவம். வேகமாக ஓட்டவே விட மாட்டார். நாலு ஹெட் வேண்டும், நடுங்கக் கூடாது என்று அவ்வளவு சொல்லி அனுப்பிய மனிதர்! கல்யாணத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும். ரிமோட்டைப் பிடுங்கப் போனால் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறார்.

"இந்தப் பெரியம்மாவைப் பாருங்க. மூணு தடவை சாப்பிட்டாங்க. நான் மூணு தடவையும் எடுத்தேன். அப்புறம் வெட்டிடுங்கன்னு ஆள் விட்டாங்க."

"மாமா, ஓட்டுங்களேன்."

"இருங்க மாப்பிள்ளை. என்ன அவசரம். இத்தனை பேருக்கும் படம் எடுத்த கூலியிலதான் அவ ஃபீஸ் கட்டினேன். இவங்களைப் பார்க்காம அவளை மட்டும் பார்த்தா எப்படி?"

முன்பின் தெரியாத ஒரு கூட்டம் சாப்பிடுவதை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். கடைசியில் அவள் வந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள். திரை கறுத்துவிட்டது.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு அவர் அடுத்ததைப் போடப் போய், டேப் பட்டனுக்குப் பதில் டிஸ்க் பட்டனை அமுக்கி, உள்ளே இருந்த தட்டு வெளியே வந்துவிட்டது. எப்போதும் இதே தவறுதான். சரி, டிஸ்க்கும் ஓடுகிறதா பார்ப்போம் என்று என் உறையிலிருந்து கைக்கு வந்த ஒன்றைப் போட்டேன். சுற்றியது, சுற்றியது, படிக்க முடியவில்லை என்று எழுத்து வந்தது. எடுத்துப் பார்த்தால் போன அக்டோபரில் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்கேன் டிஸ்க். அவள் வயிறு.

மாமனார் பார்த்துவிட்டாரா தெரியவில்லை. "பழுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மார்ச் 19, புதன்

ஒரு மெஷினும் போகவில்லை. ஒருவர் வந்து விலை கேட்டார், தனியாக டேப் ரேடியோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று என் டிஸ்க்குகளைப் போடச் சொன்னார். "உங்க காலத்தையும் பார்ப்போம்" என்றார்.

ஒரு கடற்கரைப் பயணம். கடையின் பதினைந்தாம் வருடத்துக்குக் கொடுத்த விருந்து. அவள் தோழியின் மகள் பிறந்தநாள். எல்லாவற்றிலும் அவள் ஓரத்தில் இருக்கிறாள். தட்டு எடுத்துக்கொண்டு குறுக்கே போகிறாள். பாதி முகம், ஒரு முழங்கை. விருந்தில் நடுவே நிற்பது யார் என்றால் ஒரு சூட்கேஸ் கம்பெனி ஏஜெண்ட்.

"யாரு எடுத்தது இது? அவளைப் பாதியா வெட்டியிருக்கான்."

"நான்தான் மாமா."

தொண்டையைச் செருமிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நிறுத்துங்க, அந்த இடத்துல நிறுத்துங்க" என்றார். தட்டோடு அவள் திரும்பி யாரையோ பார்த்துச் சிரிக்கிற இடம். டிஸ்க் என்பதால் அசையாமல் நின்றது.

"இது நல்ல ஃப்ரேம். தெரியாமத்தான் எடுத்திருப்பீங்க, ஆனா நல்ல ஃப்ரேம்."

மார்ச் 28, வெள்ளி

மச்சினன் இன்று மாமனாரிடமே போனில் பேசினான். நான் சமையலறையில் இருந்தேன். ஒட்டுக் கேட்டேன் என்று எழுதுவதில் என்ன வெட்கம்.

"வரலாம்ப்பா. ஆனா டேப்பெல்லாம் இங்கதான் ஓடுது. உன்கிட்ட மெஷின் இல்லையே. இருக்கட்டும், பார்க்கலாம்."

இந்த முறை "பார்க்கலாம்" வேறு மாதிரி கேட்டது. ஒரு கையில் கரண்டியோடு, ரசம் கொதிக்கக் கொதிக்க நின்றேன். ஐந்து மெஷின் விற்காமல் போனாலும் போகட்டும், போட்ட முதல் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் மச்சினன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். நல்ல பையன். அக்கா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். சாப்பிட்டோம். பேச்சு வந்தது. மாமனார் அதையே சொன்னார், டேப், மெஷின், அங்கே இல்லையே என்று. அவன் யோசித்தான். கை கழுவ எழுந்து போனவன், நடையில் ஒன்றில் இடித்துக்கொண்டு கேட்டான்.

"அத்தான், இது அத்தனையும் அதே மெஷினா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஒண்ணை நாங்க எடுத்துக்கறோமே. விலை என்னவோ அதைக் குடுத்துடறேன்."

அவ்வளவுதான். மாமனார் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டு, என் முகத்தையே பார்த்தார். என்னிடம் ஒரு சொல் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. இருங்க மாமா, போகாதீங்க — இதில் என்ன பெரிய விஷயம்? வாயைத் திறந்தால் வருகிற வார்த்தை.

என் முகம்தான் எதையும் காட்டாதே. பழகின முகம்.

"விலை எதுக்குப்பா, எடுத்துக்கோ. இரு, நல்ல பீஸா பார்த்து நானே எடுத்துத் தர்றேன்" என்று சொல்லி, அட்டையைக் கிழித்து, ஒவ்வொன்றாக மாட்டி ஓட்டிப் பார்த்தேன். ஐந்தில் சத்தம் குறைவானதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

"கரெக்டா எடுத்துட்டீங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

ஒன்று வாங்கியிருந்தால்? சில்லறை விலை கொடுத்து, ஏமாந்தவன் மாதிரி ஒரே ஒரு மெஷினைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தால்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மாமனார் கடைக்கே வந்தார். ஆறு வருடத்தில் இரண்டாம் முறை. டேப் எல்லாம் கொள்கிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றார், வாடிக்கையாளர் மாதிரி நின்றுகொண்டு. இருப்பதில் உறுதியானதை இறக்கினேன். வீலை உருட்டிக் காட்டினேன். பர்ஸை எடுத்தார்.

"மாமா, வைங்க உள்ள."

"பை விக்கிறவனுக்குப் பொண்ணைக் குடுத்தோமேன்னு அப்ப எனக்கு ஒரு குறை இருந்தது மாப்பிள்ளை. கடைசில உங்க பெட்டியத் தூக்கிட்டுத்தான் கிளம்பறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது இன்றுதான்.

ஏப்ரல் 12, சனி

போய்விட்டார். வண்டியில் ஏறும்போது ஒரு டேப்பை என் கையில் திணித்தார். "உங்க கல்யாண டேப்பு. இது உங்களுக்குச் சேர வேண்டியது. இதை மட்டும் நான் எடுக்கலை, என் அசிஸ்டெண்ட்டு எடுத்தான். சுமாராத்தான் இருக்கும்."

"மாத்திரை வேளைக்குப் போடுங்க மாமா" என்றேன். இத்தனைக்கும் பிறகு என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

லீவு நாள். இருந்தும் கடையைத் திறந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கல்யாண டேப் போட்டேன். வேகமாக ஓட்டவில்லை. வந்தவர்கள் சாப்பிட்டது, என் நண்பர்கள் கத்தியது, நான் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டே இருந்தது எல்லாவற்றையும் பார்த்தேன். அசிஸ்டெண்ட் எடுத்தது சுமார்தான். எங்கள் தலையை வெட்டிவிட்டான்.

முடிந்துவிட்டது என்று எழுந்தேன். முடியவில்லை. மீதி இருந்தது.

அவர்கள் வீடு. சாயங்கால வெளிச்சம். இது அசிஸ்டெண்ட் கை இல்லை, மாமனார் கை, அசையவே இல்லை. வழக்கம் போல மீதி டேப்போடு மகளைத் தேடி வந்திருக்கிறார், அவளை நான் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கேமரா மாடிப்படியைப் பார்க்கிறது. கொடியில் ஒரு துண்டைப் பார்க்கிறது. அவள் கட்டிலில் மடித்து வைத்த போர்வை. ஆளில்லாத அறையை டேப் தீருகிற வரை எடுத்திருக்கிறார். சத்தம் எதுவும் இல்லை, பக்கத்தில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்.

அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பதினாறு வருடம்.

மே 9, வெள்ளி

மாமனார் போன். டேப் நின்றுவிட்டது என்றார். எந்தப் பட்டன் அமுக்கினீங்க என்றேன். டிஸ்க் பட்டன்.

சரி செய்த பிறகும் போனை வைக்கவில்லை.

"ஓடுது மாப்பிள்ளை. இங்க டிஸ்க்கு பக்கம்தான் சும்மா கிடக்கு."

"இங்க டேப்பு பக்கம் சும்மா கிடக்கு மாமா."

"ம்" என்றார். பேரன் ஏதோ சத்தம் போட்டான், அவனுக்கு கார்ட்டூன் பார்க்க வேண்டுமாம். வைத்துவிட்டார். வாங்க என்று அவரும் சொல்லவில்லை, வரேன் என்று நானும் சொல்லவில்லை. அவரும் நாலு இடத்தில் விலை பேசித் தொழில் செய்தவர்தானே.

ஜூன் 14, சனி

மெஷின்களைக் கடைக்கே கொண்டுபோய்ப் பைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் அக்காவும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அப்பா போன மாதம் தவறிவிட்டாராம். அவர் பாடின கச்சேரி வீடியோ டேப் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதாம். அம்மா தனியாக இருக்கிறார்கள். இவர்கள் ஆளுக்கு ஒரு திசையில்.

தம்பி மெஷினைத் தூக்கிப் பார்த்தான். கனம் இல்லையே என்றான். அக்கா நேராக விலைக்கு வந்தாள்.

"ரெண்டா எடுத்தா குறைச்சுத் தருவீங்களா? இவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. டேப்பைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்கறோம்."

இப்படி ஒரு வாடிக்கையாளர் வர மாட்டாரா என்றுதான் மூன்று மாதமாக உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணு போதும்மா" என்றேன். "உங்க அம்மா வீட்ல வைங்க. ஒண்ணு இருந்தாத்தான் பார்க்கறதுக்குன்னாவது வருவீங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விற்கிற மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். இரண்டு எடுத்தால் குறைத்துச் சொல்லியிருப்பேனே, அந்த விலைக்கே ஒன்றைக் கொடுத்தேன்.

அவர்கள் போன பிறகு அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பயணப் பை எடுத்து ஜிப்பை இழுத்துப் பார்த்தேன். நன்றாக ஓடியது. விலைச் சீட்டைப் பிய்த்துவிட்டு என் டிஸ்க்குகளை அதற்குள் வைத்தேன். ஸ்கேன் டிஸ்க்கை மட்டும் வைக்கவில்லை.

நாளை ஞாயிறு. மாமனாருக்குப் போன் செய்துவிட்டுப் போகலாம். செய்தால், எதுக்கு வரீங்க என்று கேட்பார், மெஷின் பார்க்க என்று சொல்லிவிடுவேன். செய்யாமலே போகிறேன்.